மோங் மாணவர் விடுதியில் எங்கள் பணி



சென்ற ஆண்டு விடுப்பெடுத்து, எங்கள் திருச்சபையினர் அறுவர் வட தாய்லாந்தின் சியங்ராய் சென்று, மோங் மாணவர் விடுதிக்குச் சுவர் எழுப்பும் பணியில் ஈடுபட்டோம். மலையூர்கள் பலவற்றில் உயர்நிலைப் பள்ளி இல்லை. ஆகவே பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து விடுதியில் தங்கிப் பயில்கின்றனர்.

எங்களுடையவை பேனா பிடித்த கைகள். முதற்சுவர் தூக்குக்குண்டுக்கு இணங்கவில்லை. உள்ளூர்க் கொத்தனார் புன்னகையுடன் இடித்துக் கட்டினார். வீணான சிமென்டோ பிறர் காணிக்கையில் வாங்கியது!

பள்ளியில் பயிலும் 'தாய்' மொழி அவர்தம் தாய்மொழி அன்று. மோங் மொழிக்கு 1950-களின் தொடக்கத்தில் லாவோசில் கிறித்துவ ஊழியர்கள் ரோமன் எழுத்து அமைத்தனர். சொல்லின் இறுதியெழுத்து பெரும்பாலும் தொனியையே குறிக்கும். ஒரு சிறுமி அவ்வெழுத்தில் தன் பெயரை எழுதிக் காட்டி, "உங்கள் பிள்ளைகளும் தம் மொழியை எழுதுவார்களா?" என்று மொழிபெயர்ப்பாளர் வழியே வினவினாள்.

நாங்கள் அறுவரும் உடனே விடை கூறவில்லை.