கஞ்சாவும் கருவூலமும்



உத்தரப் பிரதேசத்தில் வாழும் நாம், ஹோலியையொட்டி அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகளில் கூட்டம் நெருக்குவதைக் காண்கிறோம். பாங்கு ஒரு செடியின் இலை. கஞ்சா அதே செடியின் பூ. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இலையை விட்டுப் பூவைத் தடுத்தது. “பூவையும் அனுமதித்து வரி விதித்தால் என்ன?” என நம் இளைஞர் வினவுகின்றனர்.

வினா புதியதன்று. 1893இல் ஆங்கில அரசு அமைத்த விசாரணைக் குழு, ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டு, முழுத்தடை வேண்டா, உரிமமும் வரியுமே போதும் என்றது.

அமெரிக்காவின் கொலராடோவில் 2014இல் கடைகள் திறந்தன. வரிப்பணம் பள்ளிக் கட்டடங்களுக்கும் சென்றது. ஆனால் 2021க்குப் பின் அவ்வருவாய் சரிந்தது. 2018இல் அனுமதித்த கனடாவிலோ கள்ளச்சந்தை சுருங்கியதேயன்றி மறையவில்லை.

வரி மிகுந்தால் கள்ளச்சரக்கு தழைக்கும். குறைந்தால் நுகர்வு பெருகும். சிறிதளவு வைத்திருந்த பிள்ளை சிறைக்கஞ்சித் தவிக்கும் நிலை நீங்குவது நன்மையே. ஆயினும், விற்பனையால் நிரம்பும் கருவூலம் அவ்விற்பனை குறைவதை விரும்புமா? இதுவே நம் அச்சம்.

எனவே, அனுமதிக்கும் நாள் வருமாயின், அவ்வரி போதையிலிருந்து மீட்கும் மருத்துவத்திற்கே முதலில் செல்லவேண்டும். அதுவரை, பிள்ளைகள் இவ்வினாவை நம்மிடம் அஞ்சாது கேட்கும் இல்லங்களை நாம் அமைப்போமாக.