எலும்பும் பெயரும்



எண்ணூர் முகத்துவாரத்திலோ திருவொற்றியூர் கடலோரத்திலோ ஓர் எலும்புக்கூடு கிடைத்தால், முதல் கேள்வி ஆணா, பெண்ணா என்பதுதான். இடுப்பெலும்பின் அகலத்தையும் புருவமேட்டின் தடிப்பையும் பார்த்து மருத்துவர் பதில் எழுதுவார். இறந்தவர் திருநங்கை என்றால் பெரும்பாலும் 'ஆண்' என்றே எழுதப்படும். வளர்ந்தபின் எடுக்கும் ஹார்மோன் இடுப்பின் வடிவத்தை மாற்றாது. நிர்வாணம் எலும்பில் தழும்பு வைக்காது. முகச்சீரமைப்பு அறுவை செய்தவர் எலும்பில் தகடும் திருகும் இருக்கலாம். கடை கேட்டு வாழ்கிறவருக்கு அதற்குப் பணம் ஏது? பிறகு காவல்துறை காணாமல் போன ஆண்களின் பட்டியலில் தேடும். அங்கே அவர் பெயர் இருக்காது.

பணக்கார நாட்டிலும் இதுதான் கதி. அமெரிக்காவின் புளோரிடாவில் 1988இல் ஓர் உடல் கிடைத்தது. இடுப்பெலும்பில் இருந்த குழிகளை வைத்துப் 'பிள்ளை பெற்ற பெண்' என்று முடிவு செய்தார்கள். ஜூலி டோ என்று தற்காலிகப் பெயர் வைத்துத் தேடினார்கள். பல ஆண்டு கழித்து மரபணுச் சோதனைதான் அவர் திருநங்கை என்று காட்டியது. சொந்தப் பெயர் 2025இல் கிடைத்தது. 37 ஆண்டுகள்!

நம் கடற்கரையில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் எடுத்த கணக்கில் மூன்றாம் பாலினத்துக்குத் தனிப் பத்தி இல்லை. எத்தனை அரவானிகள் மாண்டார்கள் என்ற அரசுக் கணக்கு இல்லை. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமா?

குறை எலும்பில் இல்லை. மரபணுவை ஒப்பிட இரத்த உறவு வேண்டும். அடித்துத் துரத்திய வீடு, பிள்ளையைக் காணவில்லை என்று புகார் கொடுத்திருக்குமா? தேடி அலைகிறவர்கள் குருவும் சேலாக்களும். அவர்களிடம் இரத்தம் பொருந்தாது; ஆனால் புகைப்படம் இருக்கும், உடைந்த பல்லும் முறிந்த கையும் நினைவிருக்கும். மண்டையோட்டைப் புகைப்படத்தோடு பொருத்தி அடையாளம் காண்பதில் சென்னைத் தடய அறிவியல் துறைக்கு நெடுநாள் அனுபவம் உண்டு. ஜமாத்திடம் போய்க் கேட்கத்தான் ஆளில்லை.

அநாதைப் பிணம் என்று எழுதப்பட்ட உடலைத் தூக்குவதும் குழி வெட்டுவதும் பெரும்பாலும் நம் மக்கள். அந்தக் குழிக்குள் போகிறவரும் நம் சேரியில் பிறந்தவராக இருக்கலாம். ஆகவே இது நம் கோரிக்கை:

காணாமல் போன திருநரைப் பற்றி ஜமாத் தரும் புகாரைப் பதிய வேண்டும். அதில் பழைய பெயரோடு அவர் சூடிய பெயரும் இருக்க வேண்டும். பிரேத விசாரணையில் எலும்பு காட்டும் பாலினம் ஒரு பத்தியிலும், உடை, வளையல், சவரிமுடி சொல்லும் வாழ்வு இன்னொரு பத்தியிலும் எழுதப்பட வேண்டும். உடலைக் கேட்டு வருகிற குருவை உறவாக ஏற்க வேண்டும்.

இதற்கு எந்தப் புது இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும்.