வர்த்தக சங்கமும் திராட்சைக் குடியானவரும்

(அனுமந்தன்பட்டிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான உபந்யாசம்)



வர்த்தக சங்கம் என்பது சரக்கு விற்கும் கடையன்று. வியாபாரிகளின் பொதுக் குரலாகும். சென்னையில் 1836-ஆம் ஆண்டில் ஐரோப்பிய வர்த்தகரும், 1909-ஆம் ஆண்டில் இந்திய வர்த்தகரும், மதுரையில் 1924-ஆம் ஆண்டில் மதுரை இராமநாதபுரம் வர்த்தகரும் இத்தகைய சங்கங்களை ஸ்தாபித்தனர். வரி, ரெயில் வசதி முதலியவற்றைக் குறித்துச் சர்க்காருக்கு விண்ணப்பித்தலும், வியாபார வழக்குகளை மத்தியஸ்தத்தால் தீர்த்தலும் அவற்றின் தொழில்.

இதனால் கம்பம் பள்ளத்தாக்கிற்கு யாது பயன்? 1928-ஆம் ஆண்டில் திறந்த மதுரை போடி ரெயில் பாதை, அகலப் பாதையாக்கும் பொருட்டு 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. போடிக்கு மீண்டும் வண்டி வந்தது 2023-ஆம் ஆண்டிலேயே. இத்தகைய காரியங்களில் தனி ஒருவரின் மனுவினும் பலர் கூடி எழுதும் மனுவே வலியுடையது.

ஆயினும், வர்த்தக சங்கம் முதலில் காப்பது வியாபாரியின் நலனையே. அது குற்றமன்று, அதன் கடமை. குடியானவரின் நலனைக் காப்பது யார்? ஏலக்காயை மூட்டை கட்டி வைத்து விலைக்குக் காத்திருக்கலாம். பறித்த பன்னீர்த் திராட்சை காத்திராது. தனித்து நிற்பவர் தரகர் சொன்ன விலைக்கே இணங்க நேரும். கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்கு வந்த பெருமை தோட்டக்காரரின் கைக்குப் பணமாக வருதல் வேண்டும்.

1933-ஆம் ஆண்டின் சென்னை வர்த்தகப் பயிர் மார்க்கெட் சட்டம் உற்பத்தியாளரையும் வியாபாரியையும் ஒரே கமிட்டியில் அமர்த்தியது. அவ்வழியே நல்வழி. அடுத்த அறுவடைக்கு முன் இருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். எடை, தரகு, கழிவு மூன்றையும் வியாபாரிகளோடு பேசி எழுத்தில் பெறட்டும். ஊர் கூடினாலன்றித் தேர் நகராது.