மேற்கோள் எண்ணிக்கையும் மறுசோதனையும்



கண்நோய் ஆய்வாளர் ஒருவரை எடைபோட இன்று முதலில் கைக்கு வருவது எண்கள்தாம். எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள், இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் ஹெச்-குறியீடு எவ்வளவு? இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அந்தக் குறியீடு, இன்று பதவி உயர்வு வரை பேசப்படுகிறது. எண்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கட்டுரையை ஏற்றவரும், மறுத்தவரும், படிக்காமலே பட்டியலில் சேர்த்தவரும் அந்தக் கணக்கில் சமம். இது எவ்வளவு பெரிய குறை என்பது ஆல்ஃபிரட் சோமரின் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்தால் விளங்கும்.

சோமர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் கண் மருத்துவர். இந்தோனேசியாவின் ஆறு ஊர்களில், சராசரியாக 3,481 குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாகப் பதினெட்டு மாதங்கள் அவரது குழு பரிசோதித்தது. வைட்டமின் ஏ குறைவால் கண் எப்படிக் கெடுகிறது என்பதுதான் கேள்வி. கிடைத்த விடையோ வேறு. மாலைக்கண்ணோ, வெண்விழியில் பிடாட் புள்ளி எனப்படும் திட்டோ இருந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிடச் சராசரியாக நான்கு மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள். பார்வை போகும் நிலைக்கு வராத, லேசான குறைபாடுதான் அது! 1983இல் லான்செட் இதழில் இது வெளிவந்தபோது பலர் நம்பவில்லை. ஏழ்மை கண்ணையும் கெடுத்தது, உயிரையும் எடுத்தது, வைட்டமினுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அதற்கு விடை தேடி, சுமத்ராவின் வடக்கே 450 ஊர்களில் சோதனை நடந்தது. ஏறத்தாழ பாதி ஊர்களின் குழந்தைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். கொடுக்காத ஊர்களில் இறப்பு 49 விழுக்காடு அதிகம் என்று 1986இல் எழுதினார்கள். அங்கே ஒப்பீட்டுக்கான போலி மருந்து கொடுக்கப்படவில்லை என்ற ஆட்சேபம் உடனே எழுந்தது.

அந்த ஆட்சேபத்துக்கு நம் மண்ணிலிருந்து பதில் போனது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லாவும் உடன் உழைத்தவர்களும் 15,419 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய அளவு கொடுக்கவில்லை. ஒரு குழந்தை ஒரு வாரத்தில் உணவின் வழியே பெறவேண்டிய சிறிய அளவை வாரந்தோறும் வீடு தேடிப்போய்க் கொடுத்தார்கள். இறப்பு 54 விழுக்காடு குறைந்ததென்று 1990இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஓராண்டு முழுவதும் வாரம் தவறாமல் வீடுவீடாக நடந்த தொண்டர்களின் உழைப்பும் மேற்கோள் பட்டியலில் ஒன்று என்றுதான் பதிவாகும். எனக்கு இது வருத்தமே.

அதே 1990இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள், தங்கள் சோதனையில் இறப்பு குறையவில்லை என்று லான்செட்டில் எழுதினார்கள். நேபாளத்திலும் கானாவிலும் குறைந்தது. 1993இல் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்தபோது சராசரிக் குறைவு 23 விழுக்காடு என்று வந்தது. பின்னர் உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடையே நடந்த டெவ்டா சோதனை, 2013இல் வெறும் 4 விழுக்காடு என்றது. மருந்து உண்மையில் எத்தனை குழந்தைகளைச் சென்றடைந்தது என்று சோமர் தரப்பு கேட்டது, வாதம் ஓயவில்லை. எதிர்த்து வந்த இந்த ஆய்வுகளையும் சேர்த்துத்தான் சோமரின் தாக்கத்தை நான் அளப்பேன்.

இன்னொரு பெயரையும் சொல்லவேண்டும். 1932இலேயே லண்டனில் எல்லிசன் என்ற மருத்துவர், தட்டம்மை கண்ட 600 குழந்தைகளில் பாதிப்பேருக்கு வைட்டமின் ஏ கொடுத்தார். பெற்றவர்களில் 11 பேரும் பெறாதவர்களில் 26 பேரும் இறந்தார்கள். அந்தக் கட்டுரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தது. அந்த ஆண்டுகளில் எந்தக் குறியீட்டைக் கொண்டு அளந்திருந்தாலும் அதன் மதிப்பு பூஜ்யத்தை ஒட்டியே வந்திருக்கும்.

ஆகவே தேர்வுக் குழுக்களிடம் ஒன்று கேட்கிறேன். விண்ணப்பப் படிவத்தில் மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வையுங்கள்: உங்கள் முடிவை வேறு ஊரில், வேறு கைகள் சோதித்துப் பார்த்தனவா, அவர்கள் கண்டது என்ன? மாறான முடிவு வந்திருந்தால் அதை எழுதுபவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.