இடுப்புக் குடமும் கைக்குடமும்



நான் அச்சங்குளத்துக்காரன். சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு வெளியே எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு செய்தியில்தான் கேட்டிருப்பார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்துச் செய்தி அது. அன்று போன உயிர்களை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் இந்த ஊரின் பெயர் வேறொரு காரியத்துக்காகவும் வானொலியில் ஒலிக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அதனால்தான் இன்று வில்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வில் என்றதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கோயில் கொடையில் மணி கட்டிய வில்லை வீசுகோலால் தட்டிப் பாடும் வில்லிசைதான் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது அம்பு விடும் வில்லைப் பற்றி. அதிலும், காம்பவுண்டு வில்லில் பழகிவிட்டு ரிகர்வ் வில்லுக்கு மாற நினைக்கும் பிள்ளைகள் எதை வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது என்பதைப் பற்றி.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தண்ணீர்க் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து தூக்கும்போது கனக்கிறது. இடுப்பில் ஏற்றிவிட்டால் பாதிக் கனம் போய்விடுகிறது. காம்பவுண்டு வில் அப்படித்தான். அதன் இரு முனைகளிலும் கேம் என்னும் சக்கரங்கள் இருக்கின்றன. நாணை இழுக்கத் தொடங்கும்போது முழுப் பாரமும் கைக்கு வரும். கடைசிவரை இழுத்ததும் சக்கரம் புரண்டு பாரத்தில் முக்கால் பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் இதற்கு 1966இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969இல் கிடைத்தது. ரிகர்வ் வில்லில் சக்கரம் கிடையாது. நுனி முன்பக்கம் வளைந்த இரண்டு தகடுகள், நடுவில் ஒரு கைப்பிடி, ஒரு நாண், அவ்வளவுதான். இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும், இறங்காது. இடுப்பில் ஏற்றாமல் கையிலேயே தொங்கவிட்டுச் சுமக்கிற குடம் அது.

நம் பிள்ளைகள் காம்பவுண்டை விரும்புவதில் ஆச்சரியம் இல்லை. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் காம்பவுண்டு பிரிவின் 5 தங்கங்களையும் இந்தியாவே வென்றது. ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தலேயும் தனிநபர் தங்கம் வாங்கிய காட்சியைப் பார்த்து எத்தனையோ பிள்ளைகள் வில்லைக் கையில் எடுத்தார்கள். ஆனால் ஒலிம்பிக்கில் இதுவரை ரிகர்வ் மட்டும்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் காம்பவுண்டு வருகிறது, அதுவும் கலப்பு அணிப் போட்டி ஒன்றே ஒன்று. தனியாளாக ஒலிம்பிக் மேடை ஏற வேண்டும் என்ற கனவுள்ள பிள்ளைக்கு ரிகர்வைத் தவிர வேறு வழி இல்லை.

மாறிய பிறகு மேலே வர முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பிராடி எலிசனைச் சொல்வேன். அமெரிக்காவின் அரிசோனாக்காரர். இளையோர் பருவத்தில் காம்பவுண்டு வீரர். 2006இல் ரிகர்வுக்கு மாறினார். இரண்டே ஆண்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நின்றார். 2019இல் உலக சாம்பியன் ஆனார். 2024இல் பாரிஸ் இறுதிப் போட்டியில் அவரும் கொரியாவின் கிம் வூஜினும் சமநிலைக்கு வந்து, ஆளுக்கு ஓர் அம்பு விட்டார்கள். இரண்டுமே 10. மையத்துக்கு யார் அம்பு பக்கம் என்று அளந்தார்கள். கிம்முடைய அம்பு 4.9 மில்லிமீட்டர் கிட்டே இருந்தது, எலிசனுக்கு வெள்ளி.

ரிகர்வுக்கு மாற எங்கள் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. காம்பவுண்டு வில்லின் நாண் நைந்துவிட்டால் அதை மாற்ற வில்லையே அமுக்கிப் பிடிக்கும் பிரஸ் என்கிற கருவி வேண்டும். அது கிராமத்தில் ஏது? வில்லை மூட்டை கட்டி நகரத்துக்கு அனுப்பிவிட்டு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். ரிகர்வ் வில்லை மூன்று துண்டாகக் கழற்றிப் பையில் போட்டுச் சாத்தூர் பஸ்ஸில் ஏறிவிடலாம். அதன் நாணை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாமே முறுக்கிக்கொள்ளலாம். திரி முறுக்கிப் பழகிய விரல்களுக்கு அது பெரிய வேலையே இல்லை.

இனி வாங்குகிற விஷயம். இங்கே நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும்.

50 பவுண்டு காம்பவுண்டில் மூன்று வருடம் எய்தவன் நான். ரிகர்வ் வாங்கப் போனபோது கடைக்காரர், "அம்பது இழுக்குறவருக்கு முப்பத்தெட்டெல்லாம் ஒரு பாரமா?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. 50 பவுண்டு காம்பவுண்டில், குறி பார்த்து நிற்கும் நேரத்தில் என் விரலும் முதுகும் தாங்கியது வெறும் பன்னிரண்டரை பவுண்டு, அதாவது ஐந்தே முக்கால் கிலோ போல. 38 பவுண்டு ரிகர்வில் அதே இடத்தில் 17 கிலோ. மூன்று மடங்கு! முதல் வாரம் வீம்புக்கு இழுத்தேன். ஒரு மாதத்தில் வலத் தோள் பிடித்துக்கொண்டது. நான்கு மாதம் வில்லைத் தொடவில்லை. திரும்பி வந்து 24 பவுண்டில் ஆரம்பித்தபோதுதான் ரிகர்வ் என்றால் என்னவென்றே எனக்குத் தெரிந்தது.

ஆகவே காம்பவுண்டில் எத்தனை பவுண்டு இழுத்தீர்கள் என்பதை மறந்துவிடுங்கள். நன்றாகப் பழகிய பெரியவர் ஒருவர் 24லிருந்து 28 பவுண்டுக்குள் தொடங்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 18லிருந்து 22 போதும். கடையில் வைத்தே சோதிக்கலாம். அம்பைப் பொருத்தி, பாதுகாப்பான திசையில், தாடைவரை இழுத்து நிறுத்துங்கள். பதினைந்து எண்ணுவதற்குள் கை நடுங்கினால் அந்த வில் உங்களுக்கு வேண்டாம். அம்பில்லாமல் இழுத்து நாணை மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசையை வில்லே வாங்கித் தகடு பிளந்துவிடும்.

தகட்டில் எழுதியிருக்கும் பவுண்டும் உங்கள் கைக்கு வரும் பவுண்டும் ஒன்றல்ல. அது 28 அங்குல இழுவைக்குப் போட்ட கணக்கு. உங்கள் இழுவை 26 அங்குலம் என்றால் 4 பவுண்டு வரை குறைந்துதான் வரும். 30 என்றால் அதே அளவு கூடும். காம்பவுண்டில் அளந்து வைத்த இழுவை நீளத்தையும் நம்பாதீர்கள். அங்கே நாணைப் பிடித்து விடும் ரிலீஸ் கருவியைக் காதோரம் வைத்தீர்கள். இங்கே மூன்று விரலால் நாணைப் பிடித்து, கையைத் தாடைக்கு அடியில் பதித்து, நாண் மூக்கு நுனியைத் தொட வேண்டும். புதிதாக அளந்தே ஆக வேண்டும். அந்த அளவுதான் வில்லின் உயரத்தைத் தீர்மானிக்கும். 28 அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே என்றால் 66 அங்குல வில், 28ஐ ஒட்டி வந்தால் 68, அதற்கு மேல் 70. உயரம் போதாத வில்லில் நாண் விரல்களை நெரிக்கும்.

பணத்தை எங்கே போடுவது? கைப்பிடியில் போடுங்கள். ரைசர் என்பார்கள். 25 அங்குல உலோக ரைசர், ஐ.எல்.எஃப். என்னும் பொதுப் பொருத்தம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் எந்தக் கம்பெனியின் ஐ.எல்.எஃப். தகட்டையும் மாட்டலாம். அடியிலுள்ள திருகைத் திருப்பி ஓரிரண்டு பவுண்டு கூட்டிக் குறைக்கவும் செய்யலாம். லிம்ப், அதாவது தகடு, மலிவான மரத் தகடாகவே இருக்கட்டும். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ அதைக் கழற்றி 2 பவுண்டு, 4 பவுண்டு ஏற்றப் போகிறீர்கள். கார்பன் லிம்பைத் தொடக்கத்திலேயே வாங்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

பழைய காம்பவுண்டு அம்புகளையும் ஒதுக்கி வைக்க வேண்டியதுதான். மனசு கேட்காது, தெரியும். ரிகர்வில் விரலை விட்டு நாண் நழுவும்போது அம்பு பக்கவாட்டில் மீன் போல வளைந்து நெளிந்து போகும். அந்த வளைவைத்தான் ஸ்பைன் எண் சொல்கிறது. எண் கூடக்கூட அம்பு இளகும். காம்பவுண்டில் 400 போட்டவர், 26 பவுண்டு ரிகர்வில் 900, 1000 என்று தேட வேண்டியிருக்கும். விறைத்த அம்பைப் போட்டால் வலக்கைக்காரர் விடும் அம்பு இடப்பக்கம் ஓடிவிடும். குறை அம்பில் இருக்க, பிள்ளை தன் கையைக் குறை சொல்லிக்கொண்டு அழும். நான் பார்த்திருக்கிறேன்.

முதல் மாதங்களில் அம்பு இலக்கைத் தாண்டிப் போவது நிச்சயம். கோடையில் வெடித்துக் கிடக்கும் எங்கள் கரிசலில் அம்பு விழுந்தால் வெடிப்புக்குள் போய்விடும், கிடைக்காது. அதனால் 70 மீட்டருக்கு அவசரப்படாமல் 10 மீட்டரில், இலக்குக்குப் பின்னால் மண்மேடு உள்ள இடத்தில் பழகுங்கள். பட்டாசு ஷெட்டுகளும் ஆள் நடக்கும் வண்டிப்பாதையும் உள்ள திசையில் ஒருபோதும் வில்லை நீட்டாதீர்கள்.

ரிகர்வ் வாங்கவே வசதியில்லை என்றால் மூங்கில் வில்லில் தொடங்குங்கள். இந்தியன் ரவுண்டு என்று தேசிய அளவில் அதற்கே தனிப் போட்டி இருக்கிறது. கருவியால் விட்டுவந்த நாணை விரலால் விடப் பழகுவதுதான் மாறுகிறவருக்குப் பெரிய பாடம், அதை மூங்கிலும் கற்றுத் தரும்.

தமிழ்நாட்டில் வில்வித்தையை ஊர் ஊராகக் கொண்டுபோகப் பாடுபட்ட மதுரைக்காரர் ஷிஹான் ஹுசைனி 2025 மார்ச்சில் காலமானார். அவர் தொடங்கிவைத்த வேலை நம்மைப் போன்ற சிற்றூர்களில் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருக்கிறது. அதற்கு எல்லோரிடமும் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் 18, 20, 22 பவுண்டு லிம்ப் சும்மா கிடக்கிறதா? பிளவு, விரிசல் இல்லையா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பள்ளி விளையாட்டு ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஏதோ ஒரு பிள்ளைக்கு அது ஒரு வருடத்துக்கு ஆகும். பிறகு அந்தப் பிள்ளை அடுத்த பிள்ளையிடம் கொடுக்கட்டும்.