ரெண்டு சொட்டு சிபிடி எண்ணெய் போதுமா?

அமெரிக்காவில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருந்தார்: "பையனுக்கு ஒன்பது வயசு, ஆட்டிசம். சத்தம் கேட்டாலே பதறிப் போறான். கடையில சிபிடி எண்ணெய் ரெண்டு சொட்டு போதும்னு சொல்றாங்க. கொடுக்கலாமா தம்பி?"

நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுறவன். ஆய்வுகளில் என்ன இருக்குன்னு மட்டும் சொல்றேன்.

சிபிடி கஞ்சா செடியில் இருக்கும் ஒரு ரசாயனம். போதை தருவது டிஹெச்சி, இது வேற. 2018-ல் எஃப்டிஏ 'எபிடியோலெக்ஸ்' என்ற சிபிடி மருந்தை அனுமதித்தது, ஆனால் சில அரிய வலிப்பு நோய்களுக்கு. ஆட்டிசத்துக்கோ பதட்டத்துக்கோ இல்லை.

ஆட்டிசத்தில் முக்கியமான ஆய்வு இஸ்ரேலில் நடந்தது, 2021-ல் வெளியானது. 5 முதல் 21 வயது வரை 150 பேர். சிலருக்கு சிபிடி, சிலருக்கு அதே மாதிரி இருக்கும் போலி மருந்து. யாருக்கு எதுன்னு பெற்றோருக்கும் தெரியாது. நடத்தை நன்றாக மாறியதாக மதிப்பிடப்பட்டவர்கள், செடிச் சாறு எடுத்தவர்களில் 49 சதவீதம். போலி மருந்தில் 21 சதவீதம்.

அந்த 21-ஐப் பாருங்க. மருந்தே இல்லாமல் ஐந்தில் ஒரு பிள்ளை 'மாறிட்டான்'. வீடியோவில் ஒரு அப்பா கண்ணீரோடு சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் பிள்ளை இந்த இரண்டில் எந்தக் கூட்டம்னு அவராலேயே சொல்ல முடியாது. அதே ஆய்வில் பெற்றோர் நிரப்பிய நடத்தைப் படிவத்தில் வித்தியாசமே தெரியவில்லை. தூக்கக் கலக்கமும் பசிக் குறைவும் சிபிடி குழுக்களில் அதிகம்.

இது நடத்தைக்கான ஆய்வு. பதட்டத்தையும் அளந்தது பிரேசிலில் 60 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு. அதில் பதட்டம் குறைந்தது. நம்பிக்கை தருது, ஆனா 60 பேர்தான். பெரியவர்களுக்கு? பிரேசிலிலேயே மேடைப் பேச்சு சோதனையில் 150, 300, 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 300 மட்டும்தான் வேலை செய்தது. அவர்கள் ஆட்டிசம் இல்லாத, ஆரோக்கியமான ஆண்கள்.

இப்போ ரெண்டு சொட்டுக்கு வருவோம். இஸ்ரேல் ஆய்வில் எடை கிலோவுக்கு 10 மி.கி. வரை போனார்கள். 25 கிலோ பையனுக்கு நாளைக்கு 250. கடையில் விற்கும் 30 மில்லி பாட்டிலில் மொத்தமே 500 மி.கி. இருந்தால், ரெண்டு சொட்டில் 2 மி.கி. கூட வராது. பாட்டில் ரெண்டே நாளில் காலி! லேபிளையும் நம்ப முடியாது. 2017-ல் ஆன்லைனில் வாங்கிய 84 பொருட்களைச் சோதித்ததில், சுமார் 31 சதவீதத்தில்தான் லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது. 18-ல் டிஹெச்சி இருந்தது.

எனக்குப் பயம் தருவது வேறு விஷயம். ஆட்டிசம் உள்ள பலருக்கு வலிப்பும் இருக்கும். குளோபசாம் எடுக்கும் பிள்ளைக்கு சிபிடி சேர்ந்தால், அது உடம்பில் வெளியேறாமல் தேங்கி, ரொம்பத் தூங்க வைக்கும். வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் என்சைம்கள் ஏறலாம். பெரியவர்கள் பதட்டத்துக்கு எடுக்கும் எஸ்சிட்டலோப்ராம் அளவையும் இது கூட்டும். 'இயற்கைதானே'ன்னு டாக்டர்கிட்ட சொல்லாம கொடுக்குறதுதான் ஆபத்து.

அதனால் அக்கா, தற்போது கொடுக்கும் எல்லா மருந்துகளின் பட்டியலோடு முதலில் குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பாருங்க. அவர் சரி என்றால், கல்லீரல் டெஸ்ட்டும், அந்த பேட்ச்சுக்கான லேப் ரிப்போர்ட்டும் கேளுங்க. தொடங்குவதற்கு முன்னாடியே ரெண்டு வாரம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை காதைப் பொத்துறான், எத்தனை மணி நேரம் தூங்குறான்னு காலண்டரில் குறிச்சு வைங்க. பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது வேணும்.