தேர்வறையின் சாட்சி



தலைமை உரைக்கு அழைத்த செயற்குழுவுக்கு என் நன்றி. இந்த நாற்காலியில் என்னைவிடப் பெரியவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் இப்போது முன்வரிசையில் இருந்துகொண்டு, இவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருக்கிறது. செயலாளர் வேறு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

'இணையவழி உயர்கல்வியில் தேர்வுக் கண்காணிப்பும் கல்வி நேர்மையும்' என்பது மாநாட்டுப் பொருள். இதன் பாலபாடம் இந்த அவைக்குத் தேவையில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கேள்வித்தாளை மின்னஞ்சலில் அனுப்பி, ஏ4 தாளில் எழுதிய விடையை ஸ்கேன் செய்து வாங்கினோம். 2020 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவின் திறந்தநிலை, இணையவழிப் படிப்புகளுக்கான விதிமுறைகள் வந்தன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. ஆள் நேரலையில் பார்ப்பது, பதிவைப் பிறகு பார்ப்பது, மென்பொருளே பார்த்துக் குறி போடுவது என்ற மூன்று வகைக் கண்காணிப்பையும் அமர்வுகளில் விரிவாகப் பேசப்போகிறீர்கள். அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பேச வேண்டியது ஒரு புத்தகத்தைப் பற்றி. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நம் பல்கலைக்கழகங்கள் தேர்வு மைய முதன்மைக் கண்காணிப்பாளர்களுக்கென்று அச்சிட்டுத் தரும் அறிவுரைக் கையேடுதான் அது. தேர்வு முடிந்ததும் பழைய வினாத்தாள் கட்டோடு சேர்ந்து எடைக்குப் போய்விடும். இதைப் பற்றி நான் முன்பு எழுதிய கட்டுரையை மதிப்பிட்ட நண்பர் ஒருவர், 'அலுவலகத் தாள்களைத் தூசு தட்டும் வேலை' என்று எழுதினார். அவர் சொன்னது சரிதான். அந்தத் தூசுக்கடியில் என்ன இருக்கிறது என்பதையும் அவர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கையேடு என்ன சொல்கிறது? வினாத்தாள் உறையின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கண்காணிப்பாளர்கள் முன்னிலையில் பிரிக்க வேண்டும். பிரித்த நேரத்தை எழுத வேண்டும், பார்த்தவர்கள் கையெழுத்திட வேண்டும். ஹால் டிக்கெட்டில் உள்ள படத்தையும் எதிரே உட்கார்ந்திருக்கும் முகத்தையும் ஒப்பிட வேண்டும். விடைத்தாளின் முதல் பக்கத்தில் அறைக் கண்காணிப்பாளர் கையொப்பமிட வேண்டும். நாம் எத்தனையோ ஆயிரம் தாள்களில் அப்படிக் கையெழுத்துப் போட்டிருப்போம், பாதித் தூக்கத்தில்கூட. அந்தக் கையெழுத்துக்கு ஒரே ஒரு பொருள்தான்: இந்த மாணவி இதை என் கண்முன் எழுதினாள். அதன் பிறகு டம்மி எண் போட்டு அவள் பெயரை மறைத்துவிடுகிறோம். (சீனத்தில் சோங் அரசர்கள் காலத்திலேயே பெயரை ஒட்டி மறைத்து, கையெழுத்தும் தெரியாதபடி எழுத்தர்களைக் கொண்டு விடைகளைப் படியெடுத்தார்கள். நாம் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை.) திருத்துபவருக்கு அவள் யாரென்று தெரியக்கூடாது. அவள்தான் எழுதினாள் என்பதற்கு மட்டும் ஒரு மனிதர் பொறுப்பேற்றிருக்க வேண்டும்.

பிட்டோடு பிடிபட்டால் என்ன செய்வது என்ற பகுதி இன்னும் முக்கியம். விடைத்தாளும் பிட்டும் கைப்பற்றப்படும். மாணவரின் விளக்கம் அவர் கையாலேயே எழுதி வாங்கப்படும். எழுத மறுத்தால், மறுத்தார் என்று பதிய வேண்டும். அறைக் கண்காணிப்பாளர் தன் அறிக்கையைத் தருவார், முதன்மைக் கண்காணிப்பாளர் தன் குறிப்பைச் சேர்ப்பார். விசாரணைக் குழு கூடிய பிறகே தண்டனை. பல மையங்களில் அந்த 'மாணவர் விளக்கத்தை' நாமே சொல்லி எழுதவைக்கிறோம் என்பது இந்த அவைக்குத் தெரியும். தெரிந்தும் சொல்கிறேன்: குற்றம் சாட்டப்பட்டவருக்கென்று ஒரு பக்கம் அந்தக் கோப்பில் இருக்கிறது.

மென்பொருள் தரும் அறிக்கையில் அந்தப் பக்கம் இல்லை. இத்தனை மணி இத்தனை நிமிடத்தில் பார்வை திரையை விட்டு விலகியது, இரண்டாவது முகம் தெரிந்தது, பேச்சொலி கேட்டது என்று இருக்கும். பார்த்தது யார் என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரே அறையில் தாய் சமைக்க, தம்பி டிவி பார்க்க, மூலையில் உட்கார்ந்து தேர்வெழுதும் மாணவிக்கு இரண்டாவது முகமும் உண்டு, பேச்சொலியும் உண்டு. 2022 ஆகஸ்டில் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழக வழக்கில், தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்டச் சொல்வது அரசியல் சட்டத்துக்கு முரணான சோதனை என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே கேள்வி தனியறையின் உரிமை பற்றியது. நம் மாணவர்களில் பலருக்குக் காட்டுவதற்குத் தனியறையே கிடையாது.

நமக்கு நேர்ந்ததையும் மறக்க வேண்டாம். 2021 தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு பருவத் தேர்வை நடத்தியது. முறைகேடு என்று பலருடைய முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. தாங்கள் செய்த தவறு என்ன என்றே தெரியவில்லை என்று மாணவர்கள் முறையிட்டார்கள். அந்த மே மாதம் உயர்கல்வித் துறை அமைச்சர் மறுதேர்வு அறிவித்தார். அப்பாவியைக் குற்றவாளியிலிருந்து பிரித்துக் காட்டக் கோப்பில் எதுவும் இல்லாதபோது, மறுதேர்வு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மென்பொருள் இப்போது மேம்பட்டுவிட்டது என்று நண்பர்கள் சொல்வார்கள். நெதர்லாந்தின் துவென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் ஒரு சோதனை செய்தார்கள். முப்பது மாணவர்களில் ஆறு பேரை வேண்டுமென்றே ஏமாற்றச் சொன்னார்கள். மென்பொருள் ஆறு பேரில் ஒருவரைக்கூடப் பிடிக்கவில்லை. பதிவை மனிதர்கள் பார்த்தபோது ஒருவர் சிக்கினார். அதே ஆண்டு பிராக்டர்யூ நிறுவனம், மனிதர் பார்க்காத முழுத் தானியங்கிக் கண்காணிப்பை இனி விற்பதில்லை என்று அறிவித்தது. சந்தேகக் குறி விழுந்த தேர்வுகளில் சுமார் 11 விழுக்காட்டைத்தான் கல்வி நிறுவனங்கள் திறந்தே பார்த்தன என்று அதற்குக் காரணமும் சொன்னது. இதைச் சொன்னது விற்றவர்கள். வாங்கியவர்களாகிய நாம் இன்னும் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இனி, எதிர்முகாமில் இருக்கும் நண்பர்களுக்கு. கண்காணிப்பே வேண்டாம், நம்பிக்கை போதும் என்பவர்கள் அவர்கள். ஆய்வாளர் டொனால்டு மக்கேப்பின் பெயரை ஒவ்வொரு மாநாட்டிலும் சொல்கிறார்கள். அவரை நானும் படித்திருக்கிறேன். நேர்மை உறுதிமொழி உள்ள கல்லூரிகளில் ஏமாற்றுவது குறைவு என்று அவர் காட்டியது உண்மை. அதோடு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொன்று, உடன் படிப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே மாணவரைப் பெரிதும் பாதிக்கிறது என்பது. விடுதியும் வகுப்பும் உள்ள வளாகத்தில் அது நடக்கும். உடன் படிப்பவர் முகத்தையே பார்க்காமல், பேருந்தில் பாடக் காணொளி பார்த்துப் படிக்கும் மாணவருக்கு அந்தச் சகவாசம் எங்கிருந்து வரும்? மக்கேப்பை முழுதாகப் படித்தால் இணையவழிக் கல்விக்கு அவர் எச்சரிக்கையாகவே தெரிவார்.

கேள்வியை மாற்றினால் போதும் என்று ஒரு மூன்றாம் தரப்பு உண்டு. 2020 செப்டம்பரில் புதுவைப் பல்கலைக்கழகம் இறுதியாண்டு மாணவர்களைப் புத்தகம் பார்த்து எழுத அனுமதித்தது. நல்ல முயற்சி, சாட்ஜிபிடிக்கு முந்தைய நல்ல முயற்சி. இன்று சிந்திக்கவைக்கும் கேள்விக்கும் அந்த இயந்திரம் விடை சொல்கிறது. அதைக் கண்டுபிடிக்க இன்னோர் இயந்திரமா? ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கண்டறியும் கருவியையே 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய டோஃபல் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியவை என்று தவறாகச் சொன்னதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு காட்டினார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு, தெரிந்த நாலு வாக்கிய அமைப்புகளை வைத்து ஆங்கிலத்தில் எழுதும் நம் மாணவர்கள் அந்தக் கருவியிடம் என்ன பாடுபடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, நீ என்னதான் சொல்கிறாய் என்று முன்வரிசையில் ஒருவர் கையசைக்கிறார். சொல்கிறேன்.

பாடம் தொலைவில் நடக்கட்டும், தேர்வு பக்கத்தில் நடக்கட்டும். இது புதிய யோசனையல்ல. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களுக்கும் பட்டம் தந்தது. முத்திரையிட்ட வினாத்தாளைக் கப்பலேற்றிக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பியது. கொழும்பில் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 வரை மாணவர்களை லண்டன் பட்டத்துக்குத்தான் தயார் செய்தது. அந்த லண்டன் மாதிரியில் 1857-இல் எழுந்த சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் பாடம் நடத்தவே இல்லை, தேர்வுதான் நடத்தியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். படித்த இடம் ஒன்று, பட்டம் தந்த இடம் வேறு. இன்றும் என்பிடெல் இணையப் பாடங்களில் வாராந்திரப் பயிற்சியை இணையத்தில் வாங்கிக்கொண்டு, இறுதித் தேர்வுக்கு மையத்துக்கு வரச் சொல்கிறார்கள். சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ். படிப்பிலும் அப்படித்தான். தொழில்நுட்பம் தெரிந்தவர்களே இணையத்தைப் பயிற்சியோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

தொலைவில் இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் எப்படி வருவார்கள் என்ற கேள்வி நியாயமானது. கூடலூர் மாணவியைச் சென்னைக்கு வரச் சொன்னால் அது அநியாயம். ஆனால் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வைப் பாருங்கள். ஒரே நாள் காலையில், தாலுகா அளவிலான மையங்களில், பல லட்சம் பேரை உட்காரவைக்கிறார்கள். அதே பள்ளிக் கட்டடங்கள் மற்ற விடுமுறை நாள்களில் பூட்டிக் கிடக்கின்றன. பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு பொது ஏற்பாடு செய்துகொண்டால் மென்பொருள் உரிமத்துக்குக் கட்டும் பணத்தை மேற்பார்வையாளர் படியாகக் கொடுக்கலாம். வரவே முடியாதவர்களுக்கு நேரலையில் ஒரு மனிதர் பார்க்கட்டும். அவர் பெயரும் கையொப்பமும் கோப்பில் இருக்கட்டும்.

வீட்டில் எழுதும் ஒப்படைப்புகளுக்குப் பத்து நிமிட வைவா போதும் என்பது என் பழைய வாதம். வைவா அகவயமானது என்று சொல்லி மதிப்பீட்டாளர்கள் இதை ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. முகம் பார்த்து, ஊர் கேட்டு, சாதியை மோப்பம் பிடித்து வைவாவில் மதிப்பெண்ணைக் குறைத்த கதைகள் நம் துறைகளில் உண்டு. டம்மி எண் தந்த பாதுகாப்பை வைவா பறித்துவிடக் கூடாது. ஆகவே வைவாவுக்கு மதிப்பெண்ணே வேண்டாம். நீ எழுதியதைப் பற்றிச் சொல், இந்தப் பத்தியில் ஏன் இப்படி வந்தாய் என்று கேட்போம். இது அவருடைய வேலை என்று ஆசிரியர் கையொப்பமிடட்டும். ஐயம் இருந்தால் மாணவர் மையத்துக்கு வந்து எழுதட்டும். தண்டனை என்ற பேச்சே அங்கு எழாது. மதிப்பெண் போடுவதை வேறொருவர், பெயர் தெரியாமல், தனியே செய்வார். அகவயம் என்ற குற்றச்சாட்டு இதற்குப் பிறகும் நிற்குமானால், எங்கே நிற்கிறது என்று மூன்றாம் அமர்வில் காட்டுங்கள். அந்த அமர்வுக்கு யார் தலைவர் என்று நான் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

செயலாளர் கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். தீர்மானக் குழுவிடம் ஒரு வரைவைத் தந்திருக்கிறேன். மென்பொருளின் சந்தேகக் குறியை மட்டும் வைத்து எந்த மாணவரின் முடிவையும் நிறுத்திவைக்கக் கூடாது. பதிவைப் பார்த்த மனிதரின் கையொப்பமும் மாணவரின் எழுத்து விளக்கமும் கோப்பில் இருந்தாக வேண்டும். இவ்வளவுதான் அதில் உள்ளது. நிறைவு அமர்வில் இதை வாக்கெடுப்புக்கு விடுங்கள். எதிர்ப்பவர்கள் எழுந்து எதிர்த்துப் பேசுங்கள். பேசாமல் இருந்துவிட்டு, பிறகு மதிப்புரையில் எழுத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.